காப்பித்தூள் அனுப்ப வேண்டாம்

ஜவ்வாது மலை,
17-7-1983

குடகு மலையில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் என் மதிப்பிற்குரிய மாமா சிங்காரம் அவர்களுக்கு, இங்கே சாமைக் கொல்லையில் களைகளுக்கு நடுவே நிற்கும் மைத்துனன் ரங்கன் கைகூப்பி எழுதுவது.

முதற்கண் ஒரு துயர அறிவிப்பு. நம் வீட்டுச் சேவல் ரேஞ்சர் அவர்கள் இன்று விடியற்காலை கூரையிலிருந்து இறங்கும்போது எருக்குழியில் விழுந்து, வாலில் இருந்த நீள இறகுகளை இழந்துவிட்டார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஊரே துக்கத்தில் இருக்கிறது. கோழிகள் மட்டும் கண்டுகொள்ளவில்லை. அந்த இறகுகளில் ஒன்றால் நான் காது குடைகிறேன் என்று அத்தை உங்களுக்குச் சொல்லி அனுப்பினால் நம்ப வேண்டாம்.

கொல்லையில் களை அதிகம். என் முகத்தில் இல்லாத களையெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்று அத்தை சொல்கிறார். உங்கள் அம்மாவுக்கு என் முகத்தைப் பற்றி நல்ல அபிப்பிராயம் எப்போது இருந்தது? கணக்கில் பெயிலானவன் சும்மாதானே இருக்கிறான், அக்காவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று சொல்லி என்னை உங்கள் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மலை மாறிப் போய்விட்டீர்கள். மாமா, இந்தத் துணை உத்தியோகத்துக்குக் கணக்குப் பரீட்சையே தேவலை. அதில் பெயிலானால் என்னோடு போகும்.

அக்கா சங்கதிக்கு வருகிறேன். அவளுக்கு ஐந்தாம் மாதம். ஊற்றுக்குப் போய்க் குடத்தோடு திரும்புவதற்குள் வழியில் இருக்கிற பாறையில் எல்லாம் உட்கார்ந்து பார்க்கிறாள். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் சுவரைத் தின்கிறாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுப்புக்குப் பின்னால் இருக்கிற செம்மண் சுவரை நகத்தால் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்கிறாள். நீங்கள் திரும்பி வரும்போது அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

போன வாரம் மங்கம்மாள் நர்ஸம்மா வந்தார். கலசப்பாக்கத்துக்காரர். பஸ் வந்தால் அவர் வருவார், பஸ்ஸோ அதற்கு மனசு வந்தால்தான் வரும். அக்காவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அக்கா அதே சாக்கில் என்னைப் பார்த்தும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள். அப்புறம் விரலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தைத் தாளில் ஒற்றி, ஓர் அட்டையில் அச்சடித்திருந்த சிவப்புகளோடு வைத்துப் பார்த்தார். செம்பருத்தியாய் விழ வேண்டியது வாடின ரோஜாவாய் விழுந்தது. "இன்னாம்மா அம்சவல்லி, ஒடம்புல ரத்தம் ஓடுதா, ரசம் ஓடுதா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

ஒரு டப்பா நிறையச் சிவப்பு மாத்திரை கொடுத்திருக்கிறார். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்ததாம். பேரிலேயே போலி இருக்கிறதே, நிஜமாய் வேலை செய்யுமா என்று கேட்டேன். "கீரைல கீறதுதான்டா அது. உங்க அத்தை கீரைய அரை நாளு வேக வெச்சுக் கொன்னுடறாங்க. அப்புறம் அதுல இன்னா மிஞ்சும்?" என்றார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு. விழுங்கும்போது புளிப்பாய் ஏதாவது சேர்ந்தால் நல்லது. வெளிக்குப் போனால் கறுப்பாய்த்தான் போகும், அதற்குப் பயப்படக் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை சேர்த்துப் போடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது, மிட்டாய் என்று அள்ளித் தின்றால் உயிருக்கே மோசம். இவ்வளவையும் அவர் வரப்பில் நடந்துகொண்டே சொன்னார், நான் பின்னால் ஓடிக்கொண்டே கேட்டேன். அத்தை அன்று விறகுக்குப் போயிருந்தார். டப்பாவைச் சுரைக்குடுக்கைக்குள் போட்டு உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

நர்ஸம்மா கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். ரத்தம் ஏறவில்லை என்றால் அக்கா மலைமேல் பிள்ளை பெறக் கூடாதாம். மாதம் நெருங்குவதற்கு முன்பே அமிர்திக்கு இறங்கி, பஸ் பிடித்து, வேலூரில் போய்க் காத்திருக்க வேண்டுமாம். போன தடவை நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அக்காவைத் தூக்கிப் போன டோலியின் முன்கழி உங்கள் தோளில்தான் இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் உங்கள் பெண்டாட்டி மாத்திரை விழுங்க மாட்டேன் என்கிறாள், மாமா! ஒரு நாள் குமட்டுகிறது, ஒரு நாள் தலை வலிக்கிறது, ஒரு நாள் மாத்திரை அவளை முறைத்துப் பார்க்கிறது. கெஞ்சினேன், குட்டிக்கரணம் போட்டேன், நர்ஸம்மா மாதிரி பேசிக் காட்டினேன். சிரிக்க மட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாத்திரையை வாசலில் வீசினாள். ரேஞ்சர் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனார்.

இதில் உங்கள் உபகாரம் வேறு. உங்களோடு அங்கே வேலை செய்கிற கிருஷ்ணன் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய காப்பித்தூள் வந்ததிலிருந்து அக்கா சோற்றோடு காப்பி, களியோடு காப்பி என்று இருக்கிறாள். சாப்பாட்டோடு காப்பியும் டீயும் குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்பும் உடம்பில் ஒட்டாது என்று நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். பொட்டலம் காலியான பிறகும் அந்தக் காகிதத்தை அக்கா மோந்து பார்க்கிறாள். எதற்கென்று எனக்குத் தெரியாது. இனிமேல் காப்பித்தூள் அனுப்ப வேண்டாம்.

ஆனால் நீங்கள் கவலைப்படாதீர்கள். ரங்கன் இருக்கிறான். கேழ்வரகு மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் மாத்திரையைப் புதைத்து, உருண்டை பிடித்து, வேளை தவறாமல் அவள் தட்டோரம் வைக்கிறேன். "அப்புறம் துன்றேன்டா" என்பாள். அப்புறம் வந்து பார்த்தால் உருண்டை இருக்காது! மாத்திரை போகிறது யாத்திரை, அது யாருக்கும் தெரியாத மாத்திரை. நீங்கள் வரும்போது அக்கா உடம்பில் ரத்தம் செய்யாற்றில் வெள்ளம் போவது மாதிரி ஓடும். அந்தப் பெருமை முழுதும் கணக்கில் பெயிலான ஒருவனையே சேரும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும், வால் இழந்த சேவலையும் வால் இழக்காத என்னையும் ஒன்றாய் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும்,
ரங்கன்


ஜவ்வாது மலை,
21-8-1983

பதில் எழுதாத மாமா அவர்களுக்கு, பதில் வராவிட்டாலும் எழுதுகிற ரங்கன் பணிந்து எழுதுவது.

எனக்கு எரிச்சலாய் வருகிறது. மழை விடவில்லை. பஸ் பாதியிலேயே திரும்பிப் போகிறது. தபால்காரர் வந்தாலும் உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. அங்கே காப்பித் தோட்டத்தில் களை பிடுங்குகிற விரலுக்கு ஒரு பேனா பிடிக்க முடியாதா?

வேளைக்கொரு உருண்டை போய்க்கொண்டுதான் இருக்கிறது. பலன் என்னவென்று கேளுங்கள். அக்கா முன்பு ஊற்றுக்குப் போய் வருகையில்தான் உட்கார்ந்தாள், இப்போது போகும்போதே உட்காருகிறாள். உள்ளங்கை வெளுத்து வெள்ளரிப்பிஞ்சு மாதிரி இருக்கிறது. சுவரில் முழங்கை போகிற அளவுக்குக் குழி. அடுப்பை மூட்டிவிட்டு எழுந்தவள் கண் இருட்டிச் சாய்ந்துவிட்டாள். நான்தான் பிடித்தேன். "ஒன்னுமில்லடா, கூச்சல் போடாத" என்றாள். நான் கூச்சலே போடவில்லை, மாமா.

அந்த மாத்திரை உண்மையிலேயே போலிதானோ? நடுவில் நான் கணக்குப் பாடம் படிக்க அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் உருண்டை கொடுக்கவில்லை. அதை ஈடுகட்ட இப்போது ஒரே உருண்டையில் மூன்று வைக்கிறேன். சேர்த்துப் போடக் கூடாது என்று நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் நர்ஸம்மா சுவரைப் பார்க்கவில்லையே.

இது போதாதென்று அத்தை வேறு படுத்துகிறார். வயிற்று வலியாம், குமட்டலாம், வெளிக்குப் போனால் கரி மாதிரி போகிறதாம். நாவல் மரத்தடியில் மடி நிறையப் பொறுக்கித் தின்றால் வேறெப்படிப் போகும் என்று சொன்னேன். கேட்டால்தானே! பக்கத்துக் கொல்லை செல்லி செய்வினை வைத்துவிட்டாளாம். பலாமரத்துச் சண்டையை மனசில் வைத்துக்கொண்டு செய்தாளாம். "எங்குடலக் கருக்கறாடா அவ!" என்று வேலியோரம் நின்று கத்தினார். செல்லி அந்தப் பக்கமிருந்து, "ஆமாம், உன் கொடலக் கருக்கி எனக்கு இன்னா, கொழம்பா வெக்கப் போறேன்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா மட்டும் அத்தையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு முகம் செத்துப்போய் நின்றாள்.

பூசாரி கண்ணாயிரம் வந்து பார்த்துவிட்டு, குறையில்லாத சிவப்புச் சேவல் ஒன்று காவு கொடுக்க வேண்டும் என்றார். நம் ரேஞ்சருக்கு வால் குறை என்று எடுத்துச் சொன்னேன். வாலை அம்மன் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டாளாம். எனக்குக் கணக்கு வராதது நல்லதுதான் போலிருக்கிறது.

நீங்கள் ஒரு வரி எழுதினால் அக்கா உருண்டை இல்லாமலே மாத்திரை விழுங்குவாள். அவள் கேட்பது உங்கள் பேச்சை மட்டும்தான். உருண்டை விஷயத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

எரிச்சலுடனும் மரியாதையுடனும்,
ரங்கன்


ஜவ்வாது மலை,
9-10-1983

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அக்கா அதை நான் படித்துக் காட்டியது போதாமல், எழுத்தே தெரியாதவள் தானும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் என்னை "கெட்டிக்காரப் பயல்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தைப் படிக்கும்போது மட்டும் எனக்கு இருமல் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

காவு கொடுக்கக் குறித்த நாளில் மழை விட்டது. மழை விட்டதால் பஸ் வந்தது. பஸ் வந்ததால் நர்ஸம்மாவும் வந்துவிட்டார். வாசலில் ரேஞ்சர் காலில் கயிறோடு நிற்கிறார், கண்ணாயிரம் மஞ்சள் கரைக்கிறார், வேலிக்கு அந்தப் பக்கம் செல்லி இடுப்பில் கை வைத்து நிற்கிறாள், அவளுடைய சின்னப் பையன் நம் வாசலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறான். நர்ஸம்மா இதையெல்லாம் தாண்டிக்கொண்டு நேரே அக்காவிடம் போய் விரலில் குத்தினார். தாளில் ஒற்றினார். அட்டையை இப்படிப் பிடித்தார், அப்படிப் பிடித்தார், வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். போன தடவைக்கும் கீழே.

"மாத்திரையத் துன்னியா இல்லியா?" என்று கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் குறுக்கே பாய்ந்து, தின்றாள் தின்றாள், நானே சாட்சி என்றேன். துன்னும் ஏறலன்னா இது வேற நோவு, நாளைக்கே வேலூருக்கு இறங்கணும், உடம்பு முழுக்கப் பார்க்கணும் என்றார் நர்ஸம்மா. அந்த நேரம் பார்த்து அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "அவள வுடு நர்ஸம்மா, மொதல்ல எனக்கொரு வழி சொல்லு. வெளிக்குப் போனா கரிக்கட்ட" என்றார்.

நர்ஸம்மா அத்தையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாமா, கணக்கு வாத்தியார்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

உருண்டையைப் பற்றிச் சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு இந்த மசக்கையில் வெல்ல வாசனையே ஆகவில்லையாம். வீட்டில் இனிப்பு என்று எது செய்தாலும் மாமியார் கைக்குத்தானே முதலில் போக வேண்டும், தம்பி பிரியமாய்ப் பிடித்ததை வீணாக்குவானேன் என்று அத்தனை உருண்டையையும் அத்தைக்கே கொடுத்திருக்கிறாள். அத்தைக்குத்தான் கடைவாய்ப் பல் கிடையாதே. எச்சிலில் ஊறவைத்து அப்படியே விழுங்கியிருக்கிறார். "மருமவ இவ்ளோ பாசமா குடுக்கறாளேன்னு நெனச்சேன்டா" என்றார். நடுவில் மாத்திரை வைத்தால் அக்கா கடிக்கும்போது பல்லில் படுமே, ஏன் அவள் ஒரு நாளும் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

செல்லி வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணாயிரம் மஞ்சள் தண்ணியைக் கீழே ஊற்றிவிட்டு, சேவலின் கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார். நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரே உருண்டையில் மூன்று என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. வாசலில் உட்கார்ந்திருந்த செல்லியின் பையனைக் காட்டி, "பெரியவங்க, வயித்து வலியோட போச்சு. அந்தப் புள்ள கைல ஒரு உருண்ட கெடச்சிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப? தெரியாம குடுக்கறதுக்குப் பேரு மருந்தா?" என்று கேட்டார். டப்பாவை உத்திரத்தில் தொங்கவிட்டவன் உருண்டையைத் தட்டோரம் தரையில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் நர்ஸம்மா அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டார். இத்தனை மாதம் கூடவே இருந்த நான் கேட்காத கேள்வி. "ஏம்மா துன்ன மாட்டேன்ற? இன்னா பயம்?"

அக்கா சொன்னாள். போன தடவையும் இதே சிவப்பு மாத்திரை கொடுத்தார்களாம். தின்ற சில நாளில் கறுப்பாய்ப் போயிற்றாம். உள்ளே ரத்தம் கருகுது, நிறுத்திடு என்று அத்தை சொன்னாராம், நிறுத்திவிட்டாளாம். ஆனால் பிள்ளை உயிரில்லாமல், கறுத்துப் போய்ப் பிறந்தது. அதுவரை தின்ற மாத்திரையே போய்ப் பிள்ளையைக் கருக்கிவிட்டது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு, இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். உங்களிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். அத்தை வயிறு கருகுகிறது என்று கத்தியபோது அவள் முகம் ஏன் அப்படிப் போனது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நர்ஸம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்ச இரும்பு வெளியே போகிறது, கறுப்பு அவ்வளவுதான், பிள்ளை மூச்சில்லாமல் நீலம் பாய்ந்து போனது, மாத்திரையால் இல்லை, ரத்தம் பத்தாமல் நீ தவித்தபோது மாத்திரை உன் பக்கம்தான் இருந்தது என்று மெதுவாகச் சொன்னார். அக்கா கேட்டாள், நம்பினாளா என்று தெரியவில்லை.

நம்ப வைத்தது உங்கள் அம்மாதான். அத்தை எழுந்து போய், முக்காலி போட்டு ஏறி, சுரைக்குடுக்கையை இறக்கிக்கொண்டு வந்தார். "இந்தக் கெழவி வண்டி வண்டியா முழுங்கிட்டு உசுரோட நிக்கிறேன், பாத்துக்க. அன்னிக்கு வாய வெச்சுக்கினு சும்மா இருக்காம நிறுத்தச் சொன்னது நானு. இன்னிக்கு நானே குடுக்கறேன். துன்னு கண்ணு" என்றார். அக்கா முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே விழுங்கினாள்.

அன்றிலிருந்து வேளைக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு, புளித்தண்ணியோடு. குமட்டினால் கொஞ்சம் சோறு கூடப் போட்டுக்கொள்கிறாள். கீரையை அத்தை இப்போது ஒரு கொதியில் இறக்கிவிடுகிறார். பிள்ளை பிறந்த பிறகும் கொஞ்ச காலம் மாத்திரையை விடக் கூடாதாம். ரத்தம் ஏறியதா என்று தெரியாது, நர்ஸம்மா மறுபடி வந்து குத்திப் பார்த்தால்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பூசி வைத்த செம்மண் பூச்சு பூசினபடியே இருக்கிறது. சுவரில் புது நகக்குறி இல்லை.

ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஐப்பசி மழை பாதையை அறுப்பதற்கு முன் அக்கா அமிர்திக்கு இறங்கி வேலூர் போக வேண்டும் என்று நர்ஸம்மா கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். நிறைய இடத்தில் அவளைக் கைத்தாங்கலாய் இறக்க வேண்டியிருக்கும். என் தோள் உங்கள் தோள் அளவுக்கு இன்னும் வரவில்லை.

எனவே மாமா, முந்தின இரண்டு கடிதங்களிலும் நான் எழுதிய சாதனைகளைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஒரு மாத்திரைகூட என் கெட்டிக்காரத்தனத்தால் அக்கா வயிற்றுக்குள் போகவில்லை. இப்போது மாத்திரை கொடுப்பதும் நான் இல்லை, அத்தை. என்னை டப்பா பக்கமே விடுவதில்லை. சொம்பில் புளித்தண்ணி மொண்டு கொடுப்பது மட்டும் என் வேலை. அதையும் அத்தை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் அக்காவிடம் தருகிறார்.

குடகில் ஆரஞ்சு இப்போதுதான் பழுக்கத் தொடங்கும் என்று கிருஷ்ணன் சொன்னான். மாத்திரையோடு தின்ன அதைவிட நல்லது இல்லையாம். "மாமாவ வரச் சொல்லி எழுதாதடா, கூலி போய்டும்" என்று அக்கா என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் உங்களை வரச் சொல்லி நான் எழுதவில்லை. ஆரஞ்சு தபாலில் வந்தால் அழுகிவிடும் என்று மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மைத்துனன்,
ரங்கன்